தேய்மானம் என்ற ஒரு சொல்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கோவை ரேஸ்கோர்ஸ் நடைபாதையில், வழக்கமாக என்னை இரண்டு முறையாவது தாண்டி ஓடிப்போகும் இளைஞர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்து வலது முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. பேசிப் பழக்கமில்லை, பார்த்தால் தலையசைப்போம், அவ்வளவுதான். அன்று நின்று விசாரித்தேன். "தேய்மானம்னு சொல்லிட்டாங்கண்ணா. இனிமேல் ஓட வேண்டாம், நடந்தாப் போதும்னுட்டாங்க" என்றார். எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டேன். மூன்று வாரமாக என்றார். அதற்கு முன்னால் ஒரு தொந்தரவும் இருந்ததில்லையாம். மூன்று வாரத்துக்கு முன்புவரை வாரம் நாற்பது கிலோமீட்டர் ஓடிய முட்டி அதற்குள் எப்படித் தேய்ந்துபோகும் என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு கேள்வி கேட்கத் தோன்றாது என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் எனக்கும் அதே சொல்தான் சொல்லப்பட்டது. நானும் ஒன்றும் கேட்காமல்தான் எழுந்து வந்தேன்.

நம் ஊரில் முட்டியில் வரும் வலிக்கெல்லாம் பெரும்பாலும் இந்த ஒரே பெயர்தான். எழுபது வயதுப் பாட்டிக்கும் தேய்மானம், இருபத்தெட்டு வயது ஓட்டக்காரருக்கும் தேய்மானம். செருப்பு தேய்கிறது, டயர் தேய்கிறது, அம்மி தேய்கிறது, அம்மியையாவது கொத்திக்கொள்ளலாம். தேய்ந்தது திரும்ப வளராது, இருப்பதை இனிமேல் பார்த்துச் செலவழிக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் காதில் வாங்கியவர் அடுத்துச் செய்யக்கூடியது ஒன்றுதான்: காலைப் பயன்படுத்தாமல் இருப்பது. ஓடுபவர்களுக்கு அளவுக்கு மீறிய பயன்பாட்டால் வரும் முட்டிவலியில் அதுவே தவறான வைத்தியமாகிவிடுகிறது என்பதை நான் ஏழு மாதம் வீணாக்கித்தான் புரிந்துகொண்டேன்.

மருதமலைப் படிகள்

வலி முதலில் தெரிந்தது ஓடும்போது அல்ல. அக்டோபர் மாதத்தில் ஒரு கிருத்திகை நாளில் அம்மாவை மருதமலைக்கு அழைத்துப் போயிருந்தேன். மேலே போவதற்குப் பேருந்து. இறங்கும்போது படி வழியாக வரலாம் என்று அம்மா ஆசைப்பட்டார். ஐம்பது படிகூட இறங்கியிருக்க மாட்டேன், இடது முட்டியின் முன்பக்கத்தில், முழங்கால் சில்லுக்கு உள்ளே எங்கேயோ, விரல் வைத்துக் காட்ட முடியாத ஒரு வலி தொடங்கியது. படி இறங்கும்போது மட்டும் வலி வருவதும், சமதளத்தில் நின்றால் மறைந்துவிடுவதும் எனக்குப் புதிதாக இருந்தது. பாதித் தூரத்தில் நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்க, அறுபத்தெட்டு வயதான அம்மா எனக்காகக் கீழே காத்துக்கொண்டு நின்றார். "உனக்கும் முட்டி தேஞ்சிருச்சாட்ட இருக்குதேப்பா" என்றார். அன்று இரவு அவருடைய தைலத்தை எனக்கும் தேய்த்துவிட்டார்.

அதன் பிறகு எல்லாம் வரிசையாக வந்தன. அலுவலகத்தில் ஒரு மணி நேரம் மேசைக்குக் கீழே காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் முட்டி இறுகிக்கொண்டு வலித்தது. குந்தி உட்கார முடியவில்லை. ஓட்டத்தில் மூன்றாவது கிலோமீட்டரில் தொடங்கும் வலி ஐந்தாவதில் நிறுத்த வைத்தது. டிசம்பரில் நடக்கும் கோயம்புத்தூர் மாரத்தானில் அரை மாரத்தான், அதாவது 21.1 கிலோமீட்டர், ஓடுவதற்குப் பணம் கட்டியிருந்தேன். அதற்குப் பத்து வாரமே இருந்ததால் அவசரமாக எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முழங்கால் சில்லின் குருத்தெலும்பில் இரண்டாம் நிலைச் சிதைவு என்றும், உள்பக்க ஜவ்வில், அதாவது எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸில், தேய்வுக்கான மாற்றங்கள் என்றும் அறிக்கையில் எழுதியிருந்தது. மருத்துவர் அதைப் பார்த்துவிட்டு, தேய்மானம் தொடங்கிவிட்டது, ஓடுவதை விட்டுவிடுங்கள், வலி நீடித்தால் துளை போட்டு உள்ளே சுத்தம் செய்துவிடலாம் என்றார். கெட்ட எண்ணத்தோடு அவர் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். எனக்குக் கிடைத்தது நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தில் நான் எவ்வளவு ஓடினேன், எப்போது கூட்டினேன் என்ற கேள்வி மட்டும் வரவில்லை.

ஓய்வு என்னும் பொறி

ஆறு வாரம் ஓடவில்லை. மாத்திரை, ஐஸ், முட்டிக்கு உறை, அருகில் இருந்த கிளினிக்கில் பத்து நாள் கரண்ட் வைத்துக்கொள்வது என்று சொன்னதையெல்லாம் செய்தேன். வலி போய்விட்டது. ஏழாவது வாரம் மெதுவாக ஐந்து கிலோமீட்டர் ஓடினேன். மறுநாள் காலை படி இறங்கும்போது வலி அதே இடத்தில், அதே அளவில் இருந்தது. மறுபடியும் ஐந்து வாரம் ஓய்வு, மறுபடியும் ஓட்டம், மறுபடியும் அதே வலி. மூன்றாவது முறையும் இதுவே நடந்தபோது, இரண்டாம் நிலைச் சிதைவு மூன்றாம் நிலைக்குப் போயிருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். துளை போட்டுச் சுத்தம் செய்துகொண்டு விடலாமா என்று வீட்டில் பேச ஆரம்பித்தேன்.

ஓய்வு எடுக்கும்போது வலி குறைவதற்குக் காரணம், வலியைக் கிளப்பும் வேலையை நிறுத்தியதுதான். அந்த ஆறு வாரத்தில் தொடைத் தசையும் புட்டத் தசையும் சேர்ந்து இளைக்கின்றன. முட்டியின் தாங்கும் திறன் முன்பு இருந்ததைவிடக் கீழே இறங்கிவிடுகிறது. திரும்பி வந்து ஓடும் ஐந்து கிலோமீட்டர், ஓய்வுக்கு முன்பு ஓடிய ஐந்து கிலோமீட்டர் அல்ல. இளைத்த காலுக்கு அது பெரிய சுமை. வலி திரும்புகிறது, மறுபடியும் ஓய்வு, திறன் இன்னும் ஒரு படி கீழே. ஒவ்வொரு சுற்றிலும் முட்டி தேய்ந்துகொண்டே போவதாக நமக்குத் தோன்றும். குறைந்துகொண்டே போவது தசையின் பலமும் மனத்தின் துணிவும்.

நான் வேலை செய்வது பம்ப்செட் நிறுவனம் ஒன்றின் சோதனைப் பிரிவில். மோட்டார் நின்றுவிட்டது என்று எடுத்து வருபவர்களில் பலர் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) எரிந்துபோய்விட்டது என்ற முடிவோடுதான் வருவார்கள். திறந்து பார்த்தால் பல நேரம் காயில் நன்றாக இருக்கும். சுமை கூடியதால் ஓவர்லோடு ரிலே ட்ரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டித்திருக்கும், அவ்வளவுதான். அது மோட்டாரைக் காப்பாற்றுவதற்காக வைத்தது. இருபது வருடமாக இதை மற்றவர்களுக்கு விளக்கிக்கொண்டிருக்கும் எனக்கு, என் முட்டி விஷயத்தில் அது தோன்றவே இல்லை. ஆனால் இந்த உவமையை ஓரளவுக்கு மேல் இழுக்கக் கூடாது. எந்த மோட்டாரும் சுமை கொடுக்கக் கொடுக்கப் பலம் கூடுவதில்லை. தசைக்கும் தசைநாணுக்கும் எலும்புக்கும் அந்தக் குணம் உண்டு, குருத்தெலும்புகூடத் தாங்கும் அளவிலான சுமையில்தான் ஆரோக்கியமாக இருக்கிறது. தேய்மானம் என்ற சொல் மறைப்பது இதைத்தான்.

மருந்துச் சீட்டின் பின்பக்கம்

அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் ஒரு முறை பார்த்துவிடு என்று நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால், சாய்பாபா காலனியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் பார்க்கப் போனேன். எம்.ஆர்.ஐ. உறையை நீட்டினேன். வாங்கி, அறிக்கையை மட்டும் ஒரு முறை படித்துவிட்டு, மேசையின் ஓரமாக வைத்தார். "சார், வலி வர்றதுக்கு முந்தின ஆறு வாரத்துல, வாரத்துக்கு எவ்வளவு ஓடுனீங்கன்னு கணக்கு இருக்குதுங்களா?" என்று கேட்டார். கைக்கடிகாரத்தின் கணக்கு ஃபோனில் இருந்தது. ஒரு மருந்துச் சீட்டைத் திருப்பி, நான் சொல்லச் சொல்ல எழுதினார்: 24, 25, 24, 27, 36, 45. அதற்குக் கீழே ஒவ்வொரு வாரத்திலும் ஓடிய மிக நீண்ட ஓட்டம்: 10, 11, 11, 12, 16, 18. கடைசி இரண்டு வாரத்தில் புதிதாக என்ன சேர்த்தீர்கள் என்று கேட்டார். மருதமலை மலைப்பாதையில் ஏறி இறங்கி ஓடியதைச் சொன்னேன். கடைசி இரண்டு எண்களையும் பேனாவால் சுற்றினார். படி இறங்கி வலித்த கிருத்திகை அந்த ஆறாவது வாரத்தின் கடைசி நாள்.

பிறகு என்னை எட்டு அங்குல உயரமுள்ள ஒரு மரப்பெட்டியின் மேல், கண்ணாடிக்கு எதிரே, இடது காலில் நிற்கச் சொன்னார். வலது குதிகால் தரையைத் தொடும்வரை மெதுவாக இறங்கி, தொட்டவுடன் ஏற வேண்டும். இறங்க இறங்க இடது முட்டி உள்பக்கமாகச் சாய்ந்து பெருவிரலைத் தாண்டிப் போவதையும், வலது பக்க இடுப்பு தொங்குவதையும் நானே கண்ணாடியில் பார்த்தேன். பத்துக்கு எவ்வளவு வலி என்றார். நான்கு என்றேன். "இப்ப நெஞ்சைக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு, முட்டி ரெண்டாவது விரலுக்கு நேரா போற மாதிரி இறங்குங்க" என்றார். அதே கால், அதே பெட்டி, அதே உயரம், வலி இரண்டு. தேய்ந்துபோன ஒன்று பத்து நொடியில் பாதியாகத் தேறிவிடாது. ஏழு மாதத்தில் முதல் முறையாக அந்த எம்.ஆர்.ஐ. உறையின் மேல் எனக்கு இருந்த பயம் அசைந்தது அந்தக் கண்ணாடியின் முன்தான்.

அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "நாளைக்குக் காலையில ஓடுங்க சார்" என்றார். வலிக்குமே என்றேன். "வலிக்கட்டுங்க. பத்துக்கு ரெண்டு வரைக்கும் வலிக்கலாம். ஓடி முடிச்சு ஒரு மணி நேரத்துல பழைய நிலைக்கு வந்துரணும். மறுநாள் காலையில படி இறங்கறப்போ முந்தின நாளைவிட அதிகமா இருக்கக் கூடாது. மூணும் சரியா இருந்தா அந்த ஓட்டம் உங்க முட்டிக்கு ஒத்துக்கிச்சுன்னு அர்த்தம்" என்றார். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, இப்படிப் பத்து முறை. ஒரு நாள் விட்டு ஒரு நாள். வலி இருக்கும்வரை ஓடக் கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, வலியை அளந்துகொண்டே ஓடலாம் என்பது அதுவரை யாரும் சொல்லாத செய்தி.

மறுநாள் ஐந்தரை மணிக்கு ரேஸ்கோர்ஸில் நின்றேன். நடைபாதை ஒரு சுற்று ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். அதை எத்தனையோ முறை சுற்றியிருக்கிறேன், ஒரு முறையும் அப்படிப் பயந்ததில்லை. முதல் மூன்று நிமிட ஓட்டத்தில் ஒன்றும் இல்லை. நான்காவதில் சில்லுக்குள் அந்தப் பழைய வலி எட்டிப் பார்த்தது. ஒன்று என்று மனத்தில் குறித்துக்கொண்டேன். ஆறாவதில் இரண்டு. நின்றுவிடலாம் என்று கால் கெஞ்சியது, ஆனால் இரண்டு அனுமதிக்கப்பட்ட எண். எட்டாவதிலும் இரண்டு, பத்தாவதிலும் இரண்டு, கூடவில்லை. வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பதாவது நிமிடம் எழுந்து மாடிப்படியின் பதினான்கு படிகளையும் ஏறி இறங்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மறுநாள் காலையிலும் ஒன்றும் இல்லை. வலித்தது, ஆனால் எதுவும் கெட்டுப்போகவில்லை. இதை உடம்பில் பட்டு அறிந்துகொண்டதுதான் எனக்குக் கிடைத்த வைத்தியத்தில் பாதிக்கு மேல் என்று இன்றும் நினைக்கிறேன்.

மீதிப் பாதி உழைப்பு. வாரம் மூன்று நாள், பக்கவாட்டில் படுத்து மேல்காலைத் தூக்குவது, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலிபோல் உட்கார்வது, அந்த மரப்பெட்டியில் இறங்கி ஏறுவது. எடை கூட்ட வேண்டிய கட்டத்தில், பையனின் பழைய பள்ளிப் பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். பிறகு பத்து கிலோ. ஓடும்போது காலடியின் எண்ணிக்கையையும் மாற்றச் சொன்னார். நிமிடத்துக்கு 160 அடி வைத்துக்கொண்டிருந்தேன். ஃபோனில் தாளம் போடும் செயலியை 170க்கு வைத்துவிட்டு அதே வேகத்தில் ஓடினேன். அடி குட்டையானதால் கால் உடம்புக்கு மிக முன்னால் போய் விழுவது குறைந்தது. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் இதை அளந்திருக்கிறார்கள்: காலடி எண்ணிக்கையை 10 சதவீதம் கூட்டினால் முழங்கால் சில்லின் மேல் விழும் உச்ச விசை ஏறக்குறைய 14 சதவீதம் குறைகிறது என்று 2014இல் வெளியிட்டார்கள்.

ஆறாவது வாரம் நண்பர்களோடு பேசிக்கொண்டே ஓடி, அன்றைய அளவைப்போல் இரண்டு மடங்கு தூரம் போய்விட்டேன். வலி நான்கு. மறுநாள் படியிலும் நான்கு. மறுபடியும் முதலிலிருந்தா என்று ஃபோனில் கேட்டபோது, முதலிலிருந்து வேண்டாம், ஒரு வாரம் பின்னால் போங்கள் போதும் என்றார். ஒன்பதாவது வாரம் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர். அதற்கடுத்த டிசம்பரில் அரை மாரத்தான் ஓடினேன். முடித்த நேரம் முந்தைய கணக்கைவிட எட்டு நிமிடம் கூடுதல், முட்டி இரண்டைத் தாண்டவில்லை.

வலிக்காத குருத்தெலும்பு

தேறிய பிறகும் அந்த அறிக்கை என்னை விடவில்லை. இரண்டாம் நிலைச் சிதைவு அப்படியேதானே இருக்கிறது, வலி மட்டும் எங்கே போனது? தேடிப் படித்தபோது கிடைத்ததில் என்னை உலுக்கியது சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த எலும்பு மூட்டு அறுவை மருத்துவர் ஸ்காட் டை 1998இல் வெளியிட்ட ஆய்வு. முட்டிக்குள் எந்த இடம் வலியை உணர்கிறது என்று அறிய, அவர் தம்முடைய இரண்டு முட்டிகளையும் சக மருத்துவர்களிடம் கொடுத்தார். துளையிட்ட தோலை மட்டும் மரத்துப்போகச் செய்துவிட்டு, முட்டிக்குள் மயக்க மருந்து எதுவும் இல்லாமல், ஒரு கருவியால் ஒவ்வொரு பாகமாகத் தொட்டு அழுத்தச் சொல்லி, விழித்திருந்தபடியே என்ன உணர்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார். சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டையும் மூட்டின் உட்சவ்வையும் தொட்டபோது கடுமையான வலி. சில்லின் குருத்தெலும்பை அழுத்தியபோது எதுவுமே தெரியவில்லை. அவருடைய இரு சில்லுகளிலும் இரண்டாம், மூன்றாம் நிலைச் சிதைவு இருந்தது. அதனால் அவருக்கு எந்தத் தொந்தரவும் இருந்ததில்லை. என் அறிக்கையில் எழுதியிருந்த அதே சிதைவு, நரம்பில்லாத அதே இடத்தில்.

டை இதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே ஒரு கருத்தை முன்வைத்திருந்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு தாங்கும் எல்லை உண்டு. அதற்குள் எவ்வளவு உழைத்தாலும் திசுக்கள் தங்களைச் சமன்செய்துகொள்ளும். ஒரே நாளில் அதிகமாகவோ, பல நாள் கொஞ்சம் கொஞ்சமாகவோ அந்த எல்லையைத் தாண்டினால், திசு எரிச்சலடைகிறது, எல்லையே சுருங்கிவிடுகிறது. நேற்றுவரை தாங்கிய மாடிப்படி இன்று எல்லைக்கு வெளியே போய்விடுகிறது. சுருங்கிய எல்லைக்குள் சிறிது காலம் இருந்து, பிறகு அதை மெதுவாக விரிக்க வேண்டும். என் மருதமலைப் படிகளுக்கும், ஒரு நிமிட ஓட்டத்துக்கும், மருந்துச் சீட்டில் சுற்றிய இரண்டு எண்களுக்கும் இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் பார்க்கவில்லை. ஓட்டக்காரர்கள் 5,000க்கும் மேற்பட்டோரைக் கடிகாரக் கணக்கோடு பின்தொடர்ந்து 2025இல் வந்த ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட ஓட்டத்தை ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டும்போது காயம் கூடுகிறது. நான் 12இலிருந்து 16க்குத் தாவியிருந்தேன்.

சுத்தம் செய்வது பற்றியும் படித்தேன். பின்லாந்தில், சில்லுப் பகுதியில் நாள்பட்ட வலி இருந்த 56 பேரில் பாதிப் பேருக்கு நுண்துளை அறுவையும் பயிற்சியும், மீதிப் பேருக்குப் பயிற்சி மட்டும் கொடுத்து ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். ஒன்பது மாதம் கழித்து இரு பக்கமும் ஒரே அளவு முன்னேற்றம். ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் வேறுபாடு இல்லை. ஸ்கேனைப் பற்றி அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 991 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்து 2008இல் வெளிவந்த ஆய்வு சொல்வது: ஜவ்வில் கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டியில் எந்தத் தொந்தரவும் இல்லை. நாற்பது வயதுக்கு மேல் தலையில் நரை தெரிவதுபோல முட்டிக்குள்ளும் சில தெரியும். அவை வலிக்குக் காரணமா என்பது வேறு கேள்வி, அதை ஸ்கேன் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

கனடாவின் கியூபெக்கில் 69 ஓட்டக்காரர்களிடம் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு என்னை இன்னும் யோசிக்க வைக்கிறது. ஒரு குழுவுக்கு வலியை அளந்து ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையை மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டாம் குழுவுக்கு அதோடு தசைப் பயிற்சி, மூன்றாம் குழுவுக்கு அந்த அளக்கும் முறையோடு ஓடும் பாணியில் மாற்றம். மூன்று குழுவும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேறின. அப்படியென்றால் என் அரிசிப் பை வீணா? நான் அப்படி நினைக்கவில்லை. இடுப்புக்கும் முட்டிக்கும் சேர்த்துப் பயிற்சி கொடுப்பதைத்தான் சில்லுப் பகுதி வலியை ஆராயும் வல்லுநர்கள் 2017இல் கூடி எழுதி 2018இல் வெளியிட்ட பரிந்துரையும் முதன்மையாக வைக்கிறது. பையைச் சுமந்து பெட்டியில் இறங்கிய பிறகுதான் எனக்கு மலைப்பாதை மறுபடியும் சாத்தியமாயிற்று. ஆனால் பயிற்சி செய்துகொண்டே ஓட்டத்தை அளவில்லாமல் ஓடியிருந்தால் நான் தேறியிருக்க மாட்டேன் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. அதே பரிந்துரை, கரண்ட் வைப்பது போன்ற மின்கருவிச் சிகிச்சைகளைச் செய்ய வேண்டாம் என்கிறது. பத்து நாள் அந்தப் படுக்கையில் கிடந்த நேரத்துக்கு நான் பத்து முறை படி இறங்கிப் பழகியிருக்கலாம். சில்லின் மேல் ஒட்டும் டேப்பும் ஷூவுக்குள் வைக்கும் பாத அட்டையும் தொடக்க வாரங்களில் வலியைக் குறைத்து, பயிற்சி செய்ய வழிவிடும்; அதற்கு மேல் அவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாது. வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் ஓடுவதை மட்டும் எவரும் செய்ய வேண்டாம். அளக்க வேண்டிய வலியை அது மறைத்துவிடும். வியர்த்து நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் ஆபத்து.

ஓடுபவர்களின் முட்டிவலி எல்லாம் இந்த ஒரே வலியும் அல்ல. முட்டியின் வெளிப்பக்கத்தில், குறிப்பிட்ட தூரம் ஓடியதும் கத்தி செருகியதுபோல் வந்தால் அது தொடையின் வெளிப்பக்கப் பட்டை தொடர்பானதாக இருக்கலாம். சில்லுக்குச் சற்றுக் கீழே விரல் நுனியால் தொட்டுக் காட்ட முடிந்தால் தசைநாண். அவற்றுக்கும் அடிப்படை சுமையைக் குறைத்துக் கூட்டுவதுதான் என்றாலும் பயிற்சிகள் மாறும். முட்டி வீங்கினால், மடங்கி நின்று பூட்டிக்கொண்டால், நடக்கும்போது சட்டென்று வாரிவிட்டால், இரவில் தூக்கத்தைக் கெடுத்தால், எலும்பின் மேல் ஓரிடத்தில் தொட்டாலே வலித்தால், என் கதையை மறந்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அந்த இளைஞரிடமும் முதலில் இவற்றைத்தான் கேட்டேன். எதுவும் இல்லை என்றார். பிசியோ அம்மாவின் எண்ணைக் கொடுத்தேன். போகும்போது ஃபோனில் இருக்கும் வாரக் கணக்கை மறக்காமல் எடுத்துப் போகச் சொன்னேன்.

அம்மாவின் முட்டி

ஓடினால் மூட்டு தேயும் என்பதற்குப் பதிலாக, 2017இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த ஒரு கணக்கை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: பொழுதுபோக்காக ஓடுபவர்களில் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுவாதம் இருந்தவர்கள் 3.5 சதவீதம், ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் 10.2 சதவீதம், போட்டிக்காகக் கடுமையாக ஓடியவர்களில் 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்கள்தான் தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கலாம். ஆனாலும் ரேஸ்கோர்ஸில் காலையில் பார்க்கும் பெரும்பாலோர் முதல் வகை.

இதையெல்லாம் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டார்: "உன்னுது தேய்மானம் இல்லைன்னு சொல்றே. என்னுது நெசமாவே தேய்மானந்தானே, அப்ப நான் என்ன பண்றது?" எனக்கு உடனே பதில் வரவில்லை. அவருடைய எக்ஸ்ரேயில் மூட்டு இடைவெளி குறைந்திருப்பது எனக்கே தெரியும். அவரும் பத்து வருடமாகப் படியைத் தவிர்த்து, கீழே உட்காருவதை விட்டு, கடைக்குப் போவதைக்கூடக் குறைத்துக்கொண்டு வந்தவர். மருதமலைப் படியில் அன்று இறங்கியது முருகனுக்காக மட்டும். பிசியோ அம்மாவிடம் அழைத்துப் போனேன். வயதானவர்களின் மூட்டுவாதத்துக்கும் முதல் வைத்தியம் பயிற்சிதான், மாத்திரையும் ஊசியும் அதற்குப் பிறகு என்று அவர் சொன்னபோது, என்னைவிட அம்மாவுக்கு வியப்பு. கையைப் பயன்படுத்தாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழ வேண்டும். வலி மூன்றுக்கு மேல் போகக் கூடாது. முடிந்தவரை எண்ண வேண்டும்.

முதல் நாள் நான்கு முறைக்கு மேல் முடியவில்லை. நாற்காலியின் கைப்பிடியைத் தேடிக் கை தானாகவே போனது. இப்போது மூன்று மாதம் ஆகிறது. நான் காலையில் ஷூ மாட்டும் நேரத்தில் அவர் கூடத்தில் அந்த மர நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, வாய்விட்டு எண்ணத் தொடங்குகிறார். நேற்று நான் கதவைச் சாத்தும்போது பதினொன்று என்ற குரல் கேட்டது. திரும்பி வந்து கேட்டேன். பதினாறு என்றார்.